எல்கேஜியில் விளையாட்டு: ஆராய்ச்சி நிஜமாகவே என்ன சொல்கிறது?

வெண்டைக்காய் சாம்பார் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பெண்ணுக்கு மூன்றேமுக்கால் வயது. ஜூனில் எல்கேஜி சேர்த்தோம். பள்ளிப் பெயர் வேண்டாம், அந்தப் பள்ளிக்காரர்களே இங்கே இருக்கலாம். சேர்க்கும்போது "எங்களிடம் எல்லாமே ப்ளே-வே மெத்தட்தான் மேடம்" என்றார்கள். வாசல் சுவரில் ஒட்டகச்சிவிங்கி, உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் சறுக்குமரம். ஆகஸ்ட் பிறந்ததும் தினம் ஒரு பக்கம் சாய்வுக்கோடு, படுக்கைக்கோடு என்று ஆரம்பித்து இப்போது ஆங்கில எழுத்து வீட்டுப்பாடம் மூன்று வரி. சறுக்குமரம் வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு முறை.

நேற்று வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறைக் கீழ்த்தட்டிலிருந்து சொம்பு, இரண்டு டம்ளர், பருப்பு மத்து, இடியாப்ப அச்சு எல்லாவற்றையும் எடுத்து வந்து கூடத்தில் வரிசையாக உட்கார வைத்தாள். மத்துக்கு "வெரி குட்" சொல்லி ஸ்டார் ஒட்டினாள் (என் ஸ்டிக்கர் பொட்டு). இடியாப்ப அச்சை மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டாள். அது என்ன தப்பு செய்தது என்று கேட்டேன். "கோட்டுக்கு வெளியே எழுதிடுச்சு" என்றாள்.

அதிலிருந்து மனசு சரியில்லை. வீட்டுக்காரர், இப்போதே எழுதப் பழகாவிட்டால் யூகேஜியில் திணறுவாள் என்கிறார். மாமியார், பால்பல் விழாத பிள்ளைக்கு என்ன எழுத்து, மண்ணில் விடு என்கிறார். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு படம் வருகிறது, "விளையாட்டே மூளை வளர்ச்சி" என்று. யார் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று ஒன்றும் இருக்காது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதற்கெல்லாம் அடிப்படை இருக்கிறதா, இல்லை இதுவும் ஒரு விளம்பரம்தானா?

மாடிப்படி

முதலில் அந்த இடியாப்ப அச்சுக்கு என் அனுதாபம்.

குழந்தை வளர்ச்சியைப் பாடமாகப் படித்தவள் நான், இப்போது வேறு வேலை. சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், நீண்டுவிட்டால் மன்னியுங்கள்.

விளையாட்டு எதற்கு என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டில் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி சொன்ன பதில், உடம்பில் செலவாகாமல் மிஞ்சிய சக்தி வழிந்து போவதுதான் விளையாட்டு என்பது. இன்றும் நம் பள்ளிகளில் இடைவேளை விடுவது இந்த எண்ணத்தில்தான், "கொஞ்சம் ஓடிட்டு வரட்டும், அப்பத்தான் அடங்கி உட்காருவான்". கார்ல் க்ரோஸ் என்ற ஜெர்மானியர் 1896இல் விலங்குகளின் விளையாட்டைப் பற்றியும் 1899இல் மனிதர்களின் விளையாட்டைப் பற்றியும் எழுதி இதைத் தலைகீழாகப் போட்டார். பூனைக்குட்டி நூலுருண்டையைத் துரத்துவது எலி பிடிக்கப் பழகுவது. அவர் கணக்கில் சின்ன வயசு என்று ஒன்று இருப்பதே விளையாடுவதற்காகத்தான்.

அப்புறம் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் கைக்குழந்தை விளையாட்டு, பாவனை விளையாட்டு, விதி வைத்து ஆடும் ஆட்டம் என்று மூன்றாகப் பிரித்தார். பாவனை விளையாட்டில் பிள்ளை உலகத்தைத் தன் வசதிக்கு வளைத்துக்கொள்கிறது என்பது அவர் பார்வை. மத்து மாணவனாக வேண்டும் என்றால் ஆகித்தான் தீர வேண்டும், மத்து மறுத்துப் பேச முடியாது. அதனால் அதில் புதிதாகக் கற்பது குறைவு, தெரிந்ததை ஓட்டிப் பார்ப்பதுதான் அதிகம் என்ற பக்கம் சாய்ந்தார்.

எனக்குப் பிடித்தவர் விகோட்ஸ்கி என்ற சோவியத் உளவியலாளர். 1933இல் லெனின்கிராடில் விளையாட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு கொடுத்தார். அடுத்த வருடமே காசநோயில் இறந்துவிட்டார், 37 வயது. அந்தப் பேச்சு ரஷ்ய மொழியில் அச்சேறியதே 1966இல். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும்போது, குதிரை என்ற அர்த்தம் நிஜக் குதிரையிலிருந்து கழன்று குச்சிமேல் ஏறிக்கொள்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நிற்கலாம் என்று பிள்ளைக்குப் பிடிபடுவது இப்படித்தான். வளைந்து நெளிந்த ஒரு கோடு "அ" என்ற ஒலிக்காக நிற்கிறது என்று பிறகு புரிய வேண்டுமே, அதற்கும் இதே வழிதான். இன்னொன்றும் சொன்னார், விதி இல்லாத பாவனை விளையாட்டே கிடையாது. டீச்சராக இருப்பவள் டீச்சர் மாதிரித்தான் நடக்க வேண்டும், நடுவில் அழக் கூடாது. தன் இஷ்டத்தை விட்டுவிட்டு வேடத்துக்குக் கட்டுப்படுகிற பிள்ளை, விளையாட்டில் தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார்.

ஆக, உங்கள் பெண் கூடத்தில் செய்ததுதான் எழுத்துக்கு ஆயத்தம். நோட்டில் செய்வது கைவலி.

ராத்திரி ஷிஃப்ட்

மன்னிக்கவும், இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் பையன் நான்கு வயதில் வாசிக்கிறான், நாங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால். ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாற்றப் போனால் ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்க்கிறார்கள். சட்டப்படி அப்படிச் சோதிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும், அதை அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். லெனின்கிராட் பேச்சை வைத்து சீட்டு வாங்க முடியாது.

பால்வாடி டீச்சர்

நான் அங்கன்வாடியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியாது, எங்களுக்குக் கொடுத்திருப்பது "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டம். பெயரிலேயே விளையாட்டு இருக்கிறது. ஆனால் பதிவேடு, எடை, உயரம், போனில் போஷன் டிராக்கர் பதிவு, இதெல்லாம் போகத்தான் ஆட்டமும் பாட்டமும். சரி, அதை விடுங்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், நான்கு வயது. பாட்டுக்கு உட்கார வைத்தால் இரண்டு நிமிடம் தாங்க மாட்டான், பக்கத்துப் பிள்ளை பின்னலை இழுப்பான், எழுந்து அரிசி மூட்டைமேல் ஏறுவான். ஒரு நாள் கயிற்றை முடிந்து பஸ் விட்டோம். அவன் கண்டக்டராம். கிழித்த காலண்டர் தாள்தான் டிக்கெட், புளியங்கொட்டைதான் காசு. பஸ்ஸுக்குள் மற்ற பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள், இவன் மட்டும் கடைசியில் நிற்கிறான். கால் வலிக்கும், நீயும் உட்காருடா என்றேன். "கண்டக்டர் உட்கார மாட்டாரு டீச்சர், சீட்டு பாசஞ்சருக்கு" என்றான். சாப்பாடு மணி அடிக்கும் வரை, இருபது நிமிடத்துக்குக் குறையாது, நின்றான். ஒரு பெண் மூன்று கொட்டை கொடுத்தாள், டிக்கெட் இரண்டு என்று சொல்லி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான். இவனுக்கு இரண்டு, மூன்று தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் அவன் அம்மா வந்து கேட்டார், "இன்னைக்கு எதுவும் சொல்லித் தரலையா, சும்மாதான் விளையாடினாங்களா?" மூன்று வயது முடிந்ததும் பாதிப் பேர் இப்படித்தான் தனியார் எல்கேஜிக்குப் போய்விடுகிறார்கள். 2019இல் அரசே பள்ளி வளாகத்தில் இருந்த 2381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கியது. காரணம் தெரிந்ததுதான், சீருடையும் ஆங்கில எழுத்தும் இருந்தால்தான் பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்டது.

மாடிப்படி

டீச்சர், நீங்கள் சொன்னதைப் படித்ததும் துள்ளி எழுந்துவிட்டேன். இதே விஷயத்தை மனுய்லென்கோ என்ற ரஷ்ய ஆய்வாளர் சோதித்து 1948இல் எழுதியிருக்கிறார். மூன்று முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளிடம் "அசையாமல் நில்" என்று வெறுமனே சொன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், "நீ காவல்காரன், தொழிற்சாலையைக் காக்கிறாய்" என்று சொன்னால் எவ்வளவு நேரம் என்று பார்த்தார். காவல்காரன் வேடத்தில் கூடுதல் நேரம் நின்றார்கள், அதுவும் மற்ற பிள்ளைகள் பார்க்கும்போது இன்னும் கூடுதலாக. உங்கள் கண்டக்டர் அந்தக் காவல்காரனுக்குத் தம்பி.

சந்தேகி

நல்ல கதைகள். நானும் விளையாட்டின் பக்கம்தான். ஆனால் கேட்டவர் "சாட்சி இருக்கிறதா" என்று கேட்டார், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1960களில் சாரா ஸ்மிலான்ஸ்கி இஸ்ரேலில், புதிதாகக் குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களை வைத்துப் பாவனை விளையாட்டு சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். பலன் தெரிந்தது. அதைப் பார்த்துப் பல நாடுகளில் பல ஆய்வுகள் வந்தன, விளையாடினால் மொழி வளர்கிறது, கற்பனை வளர்கிறது, அடுத்தவர் மனசு புரிகிறது என்று. இங்கிலாந்தில் பீட்டர் ஸ்மித் என்பவருக்குச் சந்தேகம் வந்தது. விளையாட்டுக் குழுவோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து நாள்தோறும் பேசியிருக்கிறார், ஒப்பீட்டுக் குழுவோடு யாரும் பேசவில்லை. அப்படியானால் பலன் விளையாட்டிலிருந்து வந்ததா, பேச்சிலிருந்து வந்ததா? இரண்டு குழுவுக்கும் பெரியவரின் நேரத்தைச் சமமாகக் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரியாதவரை வைத்து மதிப்பெண் போட்டபோதும் அப்படியே. விளையாட்டை விமர்சிக்கவே கூடாது என்று ஆகிவிட்ட மனப்போக்குக்கு அவர் ஒரு பெயரே வைத்தார்.

2013இல் ஆஞ்ஜலின் லில்லார்டும் சக ஆய்வாளர்களும், பாவனை விளையாட்டைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துச் சலித்தார்கள். அவர்கள் வந்த முடிவு, வளர்ச்சிக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லப் போதுமான சாட்சி இல்லை என்பது. பலன் இல்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பல வழிகளில் ஒன்றாக இருக்கலாம், அல்லது வேறு ஒன்றின் நிழலாக இருக்கலாம் என்றார்கள். பேச்சு வளர்ந்த பிள்ளை நிறையப் பாவனை செய்யும், அதனால் பாவனைதான் பேச்சை வளர்த்தது என்று ஆகிவிடுமா?

விகோட்ஸ்கியை வைத்துக் கட்டிய ஒரு பாலர் பாடத்திட்டம் அமெரிக்காவில் உண்டு. 2007இல் ஏடல் டயமண்ட் குழு அதற்கு நல்ல பலன் என்று எழுதி உலகமே பேசியது. பிறகு பெரிய அளவில் சோதித்த சிலருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இப்போது ராத்திரி ஷிஃப்ட் நண்பர் சந்தோஷப்படுவார். கொஞ்சம் பொறுங்கள். டென்னசி மாநிலத்தில் அரசு நடத்தும் நான்கு வயதுக்கான வகுப்புக்குக் குலுக்கல் முறையில் இடம் கொடுத்து, கிடைத்தவர், கிடைக்காதவர் என்று 2990 பிள்ளைகளைத் தொடர்ந்தார்கள். 2022இல் வந்த முடிவில், இடம் கிடைத்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கி இருந்தார்கள். சீக்கிரம் பள்ளியில் உட்கார வைத்தால் முன்னால் போய்விடுவார்கள் என்பதும் நிச்சயமில்லை என்று மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார். பதினோரு வயது வாக்கில் வாசிப்பில் வித்தியாசம் இல்லை.

ஆக, வாட்ஸ்அப் படம் சொல்வதற்கும் சாட்சி மெலிது, மூன்றேமுக்கால் வயதில் மூன்று வரிக்கும் சாட்சி மெலிது.

ராத்திரி ஷிஃப்ட்

சந்தோஷப்படத்தான் வந்தேன், கடைசி வரி கெடுத்துவிட்டது.

வல்லிபுரத்தாள்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். முன்பள்ளி ஆசிரியையாக இருந்து இப்போது வீட்டோடு. முதலில், அந்த இடியாப்ப அச்சுக்கு இங்கே இடியாப்ப உரல் என்று பெயர்.

எங்களுக்கு ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை. அதன் நிழல் முன்பள்ளி வரைக்கும் விழுகிறது. நான்கு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ரீச்சர், பிள்ளை என்னத்தைப் படிச்சது?" என்று கொப்பியைப் பார்க்கிற தாய்மாரைத் தினமும் கண்டவள் நான். இஞ்சையும் அங்கேயும் ஒரே கதைதான் என்று தெரிகிறது.

பெற்றோர் அதிகம் கவலைப்படுகிற ஒரு விஷயம், என்ர பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேராமல் தனியே இருந்து விளையாடுது, இல்லாட்டி சும்மா நிண்டு பார்த்துக்கொண்டு நிக்குது என்பது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அம்மையார் 1932இல், இரண்டு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளை அமெரிக்காவில் ஒரு பாலர் பள்ளியில் கவனித்து எழுதினார். சும்மா இருப்பது, தனியே விளையாடுவது, நின்று பார்ப்பது, பக்கத்தில் இருந்து ஆளுக்கொரு விளையாட்டு, கலந்து விளையாடுவது, ஒரு நோக்கம் வைத்துக் கூடி விளையாடுவது என்று ஆறு வகை சொன்னார். வயது கூடக் கூட இதில் மேலே ஏறுவார்கள் என்று அவர் நினைத்தார், ஆனால் படி மாதிரி நேராக ஏறுவதில்லை என்று பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். கூடி விளையாடுகிற பிள்ளையும் தனியே இருந்து விளையாடும், பெரியவர்கள் நாங்கள் தனியே இருப்பதில்லையா? என்னிடம் ஒரு பெண்பிள்ளை இரண்டு மாதம் மண் சோறு கறி விளையாட்டைத் தள்ளி நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள் தேங்காய்ச் சிரட்டையோடு வந்து இருந்தாள். மற்றவர்களுக்குத் தெரியாத ஒழுங்கெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது, எந்த இலை கீரை, எந்த இலை கறிவேப்பிலை, யார் முதலில் சாப்பிட வேண்டும் என்பது வரைக்கும். பார்த்துக்கொண்டு நின்றது வீணில்லை.

கணக்கு வாத்தியார்

சந்தேகி சார் சொன்னதற்கு ஒரு விலக்கு. எந்த விளையாட்டு, எதற்கு என்று குறுக்கிக் கேட்டால் சாட்சி கொஞ்சம் கெட்டியாகக் கிடைக்கும். ராமனியும் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு. வசதி குறைந்த வீட்டு நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளோடு, ஒன்று முதல் பத்து வரை ஒரே வரிசையில் கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி ஆடினார்கள். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், மொத்தம் நான்கே முறை, இரண்டு வாரத்துக்குள். எண்ணுவது, எது பெரிய எண் என்று சொல்வது எல்லாம் தேறியது, சில வாரம் கழித்துப் பார்த்தாலும் நின்றது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் ஆடிய பிள்ளைகளிடம் அது வரவில்லை. சும்மா உட்கார்ந்து பெரியவர் பேசியதுதான் காரணம் என்று இங்கே சொல்ல முடியாது, ஏனென்றால் நிறப் பலகைக்காரர்களோடும் அதே பெரியவர்தான்.

பிறகு வட்டப் பலகையில் வைத்துப் பார்த்தார்கள், நேர்வரிசை அளவுக்குப் பலன் இல்லை. நூறு கட்டம் உள்ள பலகையில் 2014இல் இன்னொரு விஷயம் தெரிந்தது. காய் 25இல் நிற்கிறது, இரண்டு விழுகிறது. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி வைத்தால் ஒன்றும் படியவில்லை. "26, 27" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி வைத்தால்தான் படிகிறது. நம் வீட்டுப் பரமபதத்தில் நாம் எல்லோரும் எப்படி எண்ணினோம் என்று யோசித்துப் பாருங்கள். நானே ஒண்ணு ரெண்டுதான். என் பேரனோடு இப்போது கட்டத்து எண்ணைச் சொல்லி வைக்கிறேன், அவன் பாம்பு வாய்க்குள் போகும்போது மட்டும் கணக்கை மறந்துவிட்டு அழுகிறான்.

நூறு கட்டம் வரிக்கு வரி திரும்பித் திரும்பி ஏறுவதால் சின்னவர்களுக்குக் குழப்பம். தரையில் சாக்பீஸால் நேராகப் பத்து கட்டம் போதும், செலவு இல்லை.

மாடிப்படி

வாத்தியார் சார் அருமை. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். பெரியவர் ஒரு குறிக்கோள் வைத்து ஆட்டத்தை அமைக்கிறார், பிள்ளை ஆடுகிறது. இது நல்ல பாடம், மறுக்கவில்லை. இதை விளையாட்டு என்ற கணக்கில் எழுதலாமா என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் குழப்பம் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1837இல் ஜெர்மனியில் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் ஆரம்பித்ததற்குத்தான் 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார், பிள்ளைகளின் தோட்டம். கம்பளிப் பந்து, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் என்று வரிசை எண் போட்ட விளையாட்டுச் சாமான்கள், ஒவ்வொன்றையும் எப்படி விளையாட வேண்டும் என்று குறிப்பு. 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனையே தடை செய்தது, பந்து விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்து ஒரு அரசாங்கம் பயந்திருக்கிறது! மரியா மாண்டிசோரி இன்னும் ஒரு படி மேலே, பிள்ளை செய்வதை வேலை என்றே சொன்னார். பொம்மைச் சமையலைவிட நிஜக் காயை நறுக்கத்தான் பிள்ளைக்குப் பிடிக்கும் என்பது அவர் கண்டது, கற்பனை வேடத்தை அவர் பெரிதாக ஊக்குவிக்கவில்லை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினார், போர்க்காலம் என்பதால் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில், இடையில் கொடைக்கானலில் இரண்டு வருடம். அதனால் நம் ஊருக்கு அவர் பெயர் பழக்கம். அந்தப் பெயரைப் பலகையில் எழுத யார் அனுமதியும் தேவையில்லை, அதனால் எந்தத் தெருவிலும் எழுதியிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று வரி கர்சிவ்.

பால்வாடி டீச்சர்

காய் நறுக்குவது உண்மைதான். எங்கள் ஆயா கீரை ஆய உட்கார்ந்தால் நான் எத்தனை பொம்மை பரப்பினாலும் பிள்ளைகள் அங்கேதான்.

தமிழய்யா ஓய்வு

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். ஜெர்மனி, ரஷ்யா எல்லாம் போய் வந்தாயிற்று, குறுந்தொகை 61 பக்கம் யாரும் போகவில்லை. தச்சன் செய்துகொடுத்த சின்னத் தேர். சிறுவர்கள் அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்துக்கொண்டு போவதிலேயே மகிழ்கிறார்கள். காதலைச் சொல்ல வந்த இடத்தில் தும்பிசேர் கீரனார் இதை உவமையாக வைக்கிறார். எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியே அந்தத் தேருக்குப் பொருந்தாது. நாங்கள் ஓட்டிய நுங்கு வண்டியும் அதே சாதிதான், பனைமரத்தடியில் புறப்பட்டு பனைமரத்தடிக்கே வரும். பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டுக்கே பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுத்தறிவித்தல் பருவம் என்று ஒன்று அதன் பத்துப் பருவங்களில் கிடையாது.

ராத்திரி ஷிஃப்ட்

ஐயா, உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் நடைமுறைக்கு வாருங்கள். கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவா, இல்லை அப்படியே விட்டுவிடவா? நான் ஆறு மணிக்கு வந்து தூங்கி இரண்டு மணிக்கு எழுகிறேன், பையனோடு எனக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். அதில் எதைச் செய்ய?

சந்தேகி

நண்பரே, முன்னால் எழுதியதில் என் பேச்சு கொஞ்சம் வறட்சியாகிவிட்டது, அதற்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

1979இல் நான்சி கிங் ஒரு எளிய வேலை செய்தார். கிண்டர்கார்டன் பிள்ளைகளிடமே போய், இன்றைக்கு நீங்கள் செய்ததில் எது விளையாட்டு, எது வேலை என்று கேட்டார். டீச்சர் சொல்லிச் செய்தது எல்லாம் வேலை என்றார்கள், அது எத்தனை ஜாலியாக இருந்தாலும். தாங்களாக எடுத்துத் தாங்களாக நடத்தியதுதான் விளையாட்டு. ஒரே களிமண், ஒரே மணிகள், யார் ஆரம்பித்தது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. ப்ளே-வே என்று பலகை மாட்டுகிறவர்களுக்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். 2020 கல்விக் கொள்கையும் 2022இல் வந்த அடிப்படை நிலைப் பாடத்திட்டச் சட்டகமும் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழிதான் என்று பக்கம் பக்கமாகச் சொல்கின்றன, நல்லது, ஆனால் அதில் எவ்வளவு பிள்ளையின் கையில் இருக்கும் என்பதுதான் எனக்குப் பார்க்க வேண்டியது.

என் சொந்த அபிப்பிராயம் இது. விளையாட்டால் மதிப்பெண் வரும், மூளை வளரும் என்று நிரூபித்தால்தான் பிள்ளையை விளையாட விடுவோம் என்ற பேரமே தப்பு. நாளைக்கு ஒரு ஆய்வு வந்து பலன் பூஜ்ஜியம் என்றால் சறுக்குமரத்தைப் பூட்டிவிடுவோமா? எலிக்குட்டிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் நம் காதுக்கு எட்டாத உச்சத்தில் சத்தம் எழுப்புகின்றன, இன்னும் மூட்டு என்று கையைத் தேடி வருகின்றன என்று பாங்க்செப் என்ற மூளை ஆய்வாளர் கண்டார். அந்த எலிக்குட்டி எந்தப் பரீட்சைக்கும் தயாராகவில்லை.

மூன்று மணி நேரத்தில் என்ன செய்ய என்றால், வாத்தியார் சொன்ன பத்து கட்டம் கால் மணி நேரம். மிச்சத்தில் அவன் கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் தூக்கம் வேண்டுமே.

ராத்திரி ஷிஃப்ட்

நேற்று படுத்துப் பார்த்தேன். என் முதுகு பாலமாம். இரண்டு லாரி, ஒரு ஆம்புலன்ஸ் போயின. அசைந்தால் பாலம் இடிந்துவிடும் என்று எச்சரிக்கை வேறு. மனுய்லென்கோ காவல்காரனைவிட நான் அதிக நேரம் அசையாமல் இருந்தேன், தூங்கிவிட்டதால்.

வல்லிபுரத்தாள்

😂 பாலம் வாழ்க.

வெண்டைக்காய் சாம்பார்

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். சந்தேகி எழுதியதில் பாதியை அவருக்குச் சாதகமாகவும் பாதியை எனக்குச் சாதகமாகவும் பிரித்துக்கொண்டோம்.

சனிக்கிழமை வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயதுதான் இருக்கும், வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். "மேடம், நோட்டு காலியா போனா மத்த பேரண்ட்ஸ் ஆபீஸ்ல போய்ச் சொல்றாங்க, மாசக் கடைசில நோட்டை எண்ணிப் பாப்பாங்க" என்றாள். 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்றதை எடுத்துச் சொன்னேன், அவளுக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் இரண்டு பேரும் பேசி முடித்தது, மூன்று வரிக்குப் பதில் ஒரு வரி, கோட்டுக்கு வெளியே போனால் சிவப்பு மை கிடையாது. சறுக்குமரம் அவள் கையில் இல்லை என்றாள்.

சாயங்காலம் மறுபடி கூடத்தில் வகுப்பு நடந்தது. நானும் வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "நீ பெல் அடிக்கிற அண்ணா" என்றாள். கரண்டியால் தட்டைத் தட்டுவதுதான் வேலை, அவள் சொல்லும்போது மட்டும். ஒரு முறை முந்திக்கொண்டு அடித்துவிட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். இடியாப்ப அச்சு வரிசையில் இல்லை. எங்கே என்று பார்த்தால் சோபாவில், துண்டு போர்த்திப் படுக்க வைத்திருக்கிறாள். காய்ச்சலாம், லீவு லெட்டர் கொடுத்திருக்கிறதாம்.

ராத்திரி இடியாப்பம் செய்வதாக இருந்தேன். கேட்டுப் பார்த்தேன், எழுப்பக் கூடாது என்றுவிட்டாள். தோசை ஊற்றினேன்.